பள்ளத்தூர் வீட்டில் அப்பச்சியின் ஸ்டீரியோ: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

பள்ளத்தூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு காலமான எங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) ஸ்டீரியோவைச் சீர்செய்து மீண்டும் பாட வைக்க விரும்புகிறேன். வானொலியும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக அமைந்த பயோனியர் எஸ்எக்ஸ்-737 ரிசீவர் ஒன்று, கராட் எஸ்பி-25 தட்டு சுழற்றி ஒன்று, எங்கள் வீட்டு ஆசாரி பர்மா தேக்கில் செய்து கொடுத்த பெட்டிகளில் பொருத்திய ஸ்பீக்கர்கள் இரண்டு, மரப்பெட்டிகளில் இசைத்தட்டுகள் ஆகியவை உள்ளன. ரிசீவரை அப்பச்சி சிங்கப்பூரில் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போயிருந்த காலத்தில், 1970களின் நடுப்பகுதியில் வாங்கிச் ‘சிதம்பரம்’ கப்பலில் கொண்டு வந்தார்கள். பிற்காலத்தில் அவர்கள் எங்களுடன் கோயம்புத்தூரில் இருந்ததால், பத்தாண்டுகளுக்கு மேலாக இவற்றுக்கு மின்சாரமே கொடுக்கப்படவில்லை.

கருவி இருக்கும் இடம், எங்கள் செட்டிநாட்டு வீட்டின் கூடமான பட்டாலை. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே வீடு திறக்கப்படுகிறது. பங்காளிகளில் ஒருவர், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையில் கொடுத்துவிடலாம் என்கிறார். என் தம்பியோ, வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே புதிய பலகைகளைப் பொருத்திவிடலாம் என்கிறான். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அப்பச்சி கேட்ட ஒலி அந்தச் சுற்றுக்களிலிருந்தே வர வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால், பழைய பாகம் ஒவ்வொன்றையும் காக்க முயன்று கருவியை எரித்துவிடவும் நான் விரும்பவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்? செருகிப் பார்க்கலாமா?

மதுரை சால்டரிங்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். தயவுசெய்து செருகிப் பார்க்க வேண்டாம். வீணாகும் கருவிகளில் பெரும்பாலானவை, ‘ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்’ என்னும் அந்த முதல் நொடியில்தான் வீணாகின்றன.

முதலில் மேல்மூடியைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் உள்ளே எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பூட்டிய வீடுகளில் காற்றுத்துளை வழியாகப் பல்லி நுழைந்து மின்தடங்களுக்கிடையே செத்துக் காய்ந்திருப்பது சாதாரணம். எலி கடித்த கம்பி, குளவி கட்டிய மண்கூடு ஆகியவற்றையும் பாருங்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு எடுக்கலாம், ஈரத்துணி கூடாது. முன்பக்கக் குமிழ்கள் எந்த நிலையில் உள்ளனவோ அதையும் படமெடுத்த பிறகே திருப்புங்கள். உங்கள் அப்பச்சி பாஸையும் டிரெபிளையும் எங்கே வைத்துக் கேட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

அடுத்து, பின்பக்கத்தில் மின்னழுத்தத் தேர்வி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட பல மாதிரிகளில் அது உண்டு. 220 என்னும் நிலையில் இருந்தால் 240-க்கு மாற்றுங்கள். நம் ஊர்களில் இரவில் மின்னழுத்தம் 230-ஐத் தாண்டி ஏறுவதால் டிரான்ஸ்ஃபார்மருக்கும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்களுக்கும் அது நல்லது.

மின்சாரம் கொடுக்கும்போது நேராகக் கொடுக்காமல் சீரிஸ் லேம்ப் வழியாகக் கொடுக்க வேண்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் கம்பியில் தொடராக இணைத்தால் போதும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் நின்று எரியும். மின்னோட்டத்தைப் பல்பே தாங்கிக்கொள்வதால் கருவி தப்பிக்கும். கண்டென்சர்கள் நிரம்பும்வரை ஒருகணம் எரிந்து பின் மங்கினால் அது நல்ல அறிகுறி. இந்தச் சோதனையில் ஸ்பீக்கர்களை இணைக்கவே கூடாது. அணைத்த பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்னூட்டம் நிற்கும் என்பதால், மல்டிமீட்டரால் அளந்து, தேவையானால் மின்தடை வழியாக இறக்கிய பின்பே கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

அலுமினியத் தகடு

நான் மின்வேதியியல் படித்தவன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கி, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருப்பதால், கண்டென்சரின் கதையை நம் ஊரார் சற்று விரிவாகவே தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆச்சியின் கேள்வியின் மையமும் அதில்தான் இருக்கிறது.

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சருக்குள் மின்காப்பாக இருப்பது தாளன்று; தாள் வெறுமனே திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. உண்மையான காப்பு, அலுமினியத் தகட்டின்மேல் மின்வேதியியல் முறையில் வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலமாகும். ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவான தடிமனே அதற்கு உண்டு. கருவி ஓடிக்கொண்டிருக்கும்வரை, படலத்தில் ஏற்படும் சிறு பழுதுகளைக் கசிவு மின்னோட்டமே ஆக்சைடை வளர்த்து அடைத்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அந்தப் பழுதுபார்ப்பு நின்று படலம் நலிகிறது. அந்நிலையில் முழு மின்னழுத்தத்தைத் திடீரெனக் கொடுத்தால் கசிவு மிகுந்து, உள்ளே சூடேறி, வாயு உண்டாகி, குப்பி உப்பும் அல்லது வெடிக்கும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால் படலம் மீண்டும் வளர்ந்துவிடும். ஆகவே பெரிய குப்பிகள் பலவற்றை உயிர்ப்பிக்க முடியும் என்பது உண்மையே.

ஆனால் படலத்தை வளர்க்கலாமே தவிர, ரப்பர் அடைப்பின் வழியாக ஆவியாகிப் போன திரவத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. திரவம் குறைவாக உள்ள 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையிலான சிறியவைதான் முதலில் காயும். மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே இருந்தும், உள்மின்தடை ஏறி, ஒலியை மெலிவாக்குபவை அவைதான். எனவே, ‘பழையது எல்லாம் நல்லது’ என்பதும் ‘பழையது எல்லாம் குப்பை’ என்பதும் அளக்காமல் பேசும் பேச்சு. ஒவ்வொன்றின் கொள்ளளவையும் உள்மின்தடையையும் கசிவையும் அளந்து முடிவு செய்யுங்கள்.

புதுஒலி

மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். அரை நூற்றாண்டுப் பழைய சுற்றுக்காக இவ்வளவு உழைப்பும் பணமும் தேவைதானா? இன்று உள்ளங்கை அளவில் கிடைக்கும் கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபையர் பலகையும் புளூடூத்தும் அந்தக் கூட்டுக்குள் எளிதாக அடங்கும். முகப்பு அப்படியே இருக்கும்; பேரப்பிள்ளைகளும் தங்கள் கைப்பேசியிலிருந்து பாட்டுக் கேட்பார்கள். பயன்படாத பொருளை யாரும் காப்பாற்றுவதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மதுரை சால்டரிங்

உங்கள் கடைசி வரியில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அதற்காகக் கருவியின் குடலை எடுக்க வேண்டியதில்லை. பின்பக்கத்தில், வெளிக்கருவிகளை இணைப்பதற்கான ஆக்ஸ் என்னும் உள்ளீடு இருக்கிறது. தீப்பெட்டி அளவுள்ள புளூடூத் ஏற்பி ஒன்றை அதில் செருகினால் பேரப்பிள்ளைகளின் பாட்டு பயோனியரின் சுற்றுக்கள் வழியாகவே வரும். வேண்டாதபோது பிடுங்கிவிடலாம். பழைய பலகைகளை ஒருமுறை வெட்டி எடுத்துவிட்டால், பிறகு மனம் மாறினாலும் மீட்க வழியில்லை. அந்த ரிசீவர் சேனலுக்கு 35 வாட் தரக்கூடியது. வீட்டுக்கு அதுவே தாராளம்.

கானாடுகாத்தான் வளவு

விற்பது பற்றி ஒரு சொல். எங்கள் தெருவில் தூணும் கதவும் எனாமல் தூக்குச்சட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். போனவை திரும்பவில்லை. ஓடாத ஸ்டீரியோவுக்குக் கடைக்காரர் மரப்பெட்டிக்கு உரிய விலையைத்தான் கொடுப்பார். அதேபோல், பொதுவீட்டில் இருக்கும் பொருள் என்பதால், இது அப்பச்சியின் சொந்தச் சம்பாத்தியம் என்று பங்காளிகள் எல்லோரும் ஏற்றுக்கொள்ளும்படி முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், ஆச்சி. செலவு செய்த பிறகு பேச்சு எழுந்தால் மனவருத்தமே மிஞ்சும்.

இடத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முட்டைவெள்ளை கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் ஒலியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். கைதட்டினால் பட்டாலையில் எழும் எதிரொலியைக் கேட்டாலே புரியும். வளவில் (நடுமுற்றத்தில்) வைத்தாலோ, திறந்த வானத்தின் வழியாகப் பாஸ் முழுவதும் போய்விடும். ஸ்பீக்கர்களுக்கு முன்னால் தரையில் கனத்த சமுக்காளத்தை விரித்து, எதிர்ச்சுவரில் துணித்திரை ஒன்றைத் தொங்கவிட்டால் பாடுபவரின் சொல் தெளியும். ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சற்று முன்னே நகர்த்துங்கள். பர்மா தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. ஆயினும், பெட்டியின் பின்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தால் அதைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

பள்ளத்தூர் மகள்

எல்லோருக்கும் நன்றி. பங்காளிகளிடம் பேசிவிட்டேன், அவர்களுக்குத் தடையில்லை. எங்கள் பக்கத்திலேயே தொழில் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, நீங்கள் சொன்ன முறையிலேயே மூடியைத் திறந்தார். பல்லி இல்லை, தூசிதான் மிகுதி. சீரிஸ் லேம்பில் பல்பு எரிந்து மங்கியது. சில நொடிகளில், ஸ்பீக்கர் இணைப்பைத் திறந்துவிடும் ரிலே ‘டக்’ என்று இணைந்தது.

நான் குறிப்பிட மறந்த செய்தி ஒன்று உண்டு. வட்டிக்கடைப் பழக்கத்தினால் அப்பச்சி எதற்கும் கணக்கு எழுதுவார்கள். பேரேடு போன்ற சிவப்பு அட்டை நோட்டு ஒன்றில், ஒவ்வொரு தட்டும் எந்த நாளில் என்ன விலைக்கு வாங்கப்பட்டது, ஊசி எப்போது மாற்றப்பட்டது, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பது வரை பத்தி பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஷூர் எம்75 என்பதும் அதிலிருந்துதான் தெரிந்தது. இந்த நோட்டைப் படித்த பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது. தேய்ந்த ஊசியையும் போன ஃபியூஸையும் அவர்கள் தயங்காமல் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆகவே உழைத்து ஓய்ந்த பாகத்தை மாற்றுவது அவர்கள் வழிக்கு முரணானதன்று. எழுதாமல் மாற்றுவதும், திரும்ப முடியாதபடி மாற்றுவதும்தான் கூடாது.

எனவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். அளவில் தேறிய பெரிய கண்டென்சர்கள் இரண்டும் இருக்கட்டும்; சிறியவற்றை எல்லாம் மாற்றலாம். கழற்றியவற்றைப் பலகை எண்ணுடன் தாள் உறையில் இட்டுக் கருவியுடனேயே வைப்போம். வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

அலுமினியத் தகடு

நல்ல முடிவு. கொள்ளளவு பழையதற்குச் சமமாகவும், வோல்ட் அளவு சமமாகவோ சற்று மேலாகவோ, வெப்ப அளவு 105 டிகிரியாகவும் இருக்கட்டும். பெயர் தெரியாத மலிவுச் சரக்கைத் தவிர்த்து, நம்பகமான விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். நேர்முனை, எதிர்முனை குறித்துப் பலகையில் அச்சிட்டதை மட்டும் நம்பாமல், கழற்றுமுன் எடுத்த படத்தையும் ஒப்பிடுங்கள்.

மதுரை சால்டரிங்

செய்முறை பற்றி நான் சேர்க்கிறேன். இடது சேனலை முழுவதும் முடித்து, ஓட்டிப் பார்த்த பிறகே வலது சேனலைத் தொடுங்கள். கை படாத சேனல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரியாக இருக்கும். ஏதேனும் பிழை நேர்ந்தால் எங்கே என்று உடனே தெரிந்துவிடும். பலகைகளில் கண்டென்சர்களை நிறுத்தப் பூசிய பழைய பசை கரும்பழுப்பாக மாறியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். முதிர்ந்த அந்தப் பசை மின்சாரத்தைக் கடத்துவதோடு கம்பிக்கால்களையும் அரிக்கும். குமிழ்களின் கரகரப்புக்கு மின்தொடர்புகளுக்கென்றே உள்ள கிளீனரைத் தெளித்துப் பலமுறை திருப்புங்கள். துரு நீக்கும் பொது எண்ணெய்த் தெளிப்பான்கள் வேண்டாம். ரிலேயின் முனைகளை உப்புத்தாளால் தேய்க்காமல், கிளீனரில் நனைத்த காகிதத் துண்டை இடையில் வைத்து இழுங்கள்.

பிறகு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். பயஸ் அளவை (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டத்தை) சர்வீஸ் மேனுவலில் உள்ளபடியே, கருவி நன்றாகச் சூடேறிய பிறகு சரிசெய்ய வேண்டும். முதல் சில நாட்களுக்கு விலை குறைந்த சோதனை ஸ்பீக்கரிலேயே கேளுங்கள்.

தேவகோட்டைத் தட்டுப்பெட்டி

ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆயினும் எம்75-க்குப் பொருந்தும் ஊசியை ஜப்பானின் ஜிகோ போன்ற பிற தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள். ஊசியின் வகையைப் பொறுத்து அழுத்தம் மாறும் என்பதால், சிறிய தராசு ஒன்றை வாங்கி, ஊசியுடன் வரும் தாளில் சொன்னபடி வையுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். குறைந்தாலும் ஊசி பள்ளத்தில் துள்ளி, தட்டைக் கெடுக்கவே செய்யும்.

கராடில் மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்துவது ரப்பர் விளிம்புள்ள ஐட்லர் சக்கரம். ரப்பர் இறுகியிருந்தால் உறுமல் கேட்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தும் குறையவில்லையெனில் சக்கரத்தைப் புதிதாக ரப்பர் இட்டு வாங்கலாம். தாங்கிகளில் இறுகிய பழைய கிரீஸை முழுவதும் நீக்கிய பிறகே புதிய எண்ணெய் இட வேண்டும். மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்தது. சிங்கப்பூரும் நாமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் புல்லியை மாற்றத் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் 60-க்கான புல்லியுடன் பாட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடும்.

அந்தப் பெட்டிகளில் உங்கள் ஐயா (தாத்தா) காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத் தட்டுகள் உள்ளனவா என்றும் பாருங்கள். ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் பிறந்து, சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு வணிகத்தின் வழியாகவே திரைத்துறைக்குப் போனவர். நம் பக்கத்து வீடுகளில் அத்தகைய தட்டுகள் இருப்பதில் வியப்பில்லை. அவை அரக்கினால் ஆனவை. ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அரக்கைக் கரைத்துவிடும். வடிநீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு போதும். எல்பி தட்டின் ஊசியையும் அவற்றின்மேல் வைக்கக் கூடாது. 78-இன் பள்ளம் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. அதற்கென்று தனி ஊசி உண்டு.

பள்ளத்தூர் மகள்

இடது சேனலும் வலது சேனலும் முடிந்துவிட்டன. டிசி அளவு இரண்டிலும் 50-க்குள் இருக்கிறது. வானொலியில் கொடைக்கானல் பண்பலை 100.5 கேட்டது, மொட்டை மாடியில் கட்டிய கம்பியைச் செருகியதும் ஸ்டீரியோ விளக்கும் எரிந்தது. ஆனால் வலது சேனலில் ஒலியைக் குறைத்தாலும் மாறாத ‘சர்ர்’ என்னும் இரைச்சல் தொடர்கிறது. மற்றொன்று, வலது ஸ்பீக்கரின் பெரிய கோனைச் (அதிரும் காகிதக் கூம்பைச்) சுற்றியிருந்த ஃபோம், விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்துவிட்டது. புதிய ஸ்பீக்கரே வாங்கிவிடும்படி பழுதுபார்ப்பவர் சொல்கிறார். பெட்டி ஆசாரி கைப்பட இழைத்தது; அந்த அளவுக்கு வேறு ஸ்பீக்கர் பொருந்துமா என்று தெரியவில்லை.

மதுரை சால்டரிங்

வாங்க வேண்டாம், ஆச்சி. ஃபோம் என்பது காற்றின் ஈரத்தால் சிதைந்து போகும் பொருள். அது உதிர்வது முதுமையே அன்றி ஸ்பீக்கரின் சாவன்று. முதலில் முனைகளில் மின்தடையை அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஐந்தரை முதல் ஏழு ஓம் வரை காட்டினால் சுருள் நலம். பிறகு கோனின் விளிம்பை இருபுறமும் சமமாகப் பிடித்து மெதுவாக அமுக்குங்கள். உரசல் இல்லாவிட்டால் புதிய விளிம்பை ஒட்டினாலே போதும். உங்கள் வீடு ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பதால், ஃபோமுக்குப் பதில் ரப்பர் விளிம்பை நான் பரிந்துரைப்பேன். ஒலியில் சிறு வேறுபாடு வரலாம் என்பதால் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே வகையை ஒட்ட வேண்டும். பசை காயும்வரை சுருள் நடுவில் நிற்க, தூசிமூடியைக் கழற்றி மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் சுற்றிலும் செருகி வைப்பார்கள். ஒட்டி முடித்த பின் ஒன்றரை வோல்ட் பேட்டரியை முனைகளில் கணநேரம் தொட்டுப் பாருங்கள். நேர்முனை நேர்முனையில் பட்டால் இரண்டு கோன்களும் முன்னோக்கி நகர வேண்டும்.

இரைச்சலைப் பொறுத்தவரை, ஒலிக்குமிழைக் குறைத்தாலும் மாறாதது என்பதால் அது குமிழுக்குப் பிந்திய பகுதியில் பிறக்கிறது. அக்கால ஜப்பானியக் கருவிகள் பலவற்றின் உள்ளீட்டுப் பகுதியில் 2எஸ்ஏ726 என்னும் டிரான்சிஸ்டர் இருக்கும். அது முதுமையில் இரைச்சல் தருவது இத்தொழிலில் உள்ள எல்லோரும் அறிந்ததே. உங்கள் பலகையிலும் அதுதான் இருந்தால், கேஎஸ்ஏ992-ஐ மாற்றாகப் போடலாம். கால்களின் வரிசையைத் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சேனல்களிலும் மாற்றிவிட்டு, டிசி அளவையும் பயஸையும் மறுபடியும் பாருங்கள்.

பள்ளத்தூர் மகள்

பலகையில் அதே எண்தான் இருக்கிறது. மின்தடை வலது ஸ்பீக்கரில் ஆறு ஓமுக்குச் சற்று மேல், இடதில் ஏறத்தாழ அதே அளவு, உரசலும் இல்லை. ரப்பர் விளிம்பே போடுகிறோம். ஆக்ஸ் உள்ளீட்டில் புளூடூத் ஏற்பியை வைக்கத் தம்பி ஒப்புக்கொண்டுவிட்டான். விளிம்பை வரவழைக்க எந்தெந்த அளவுகளைக் குறித்து அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

மதுரை சால்டரிங்

நான்கு அளவுகள் தேவை: இரும்புக் கூட்டில் விளிம்பு ஒட்டும் பகுதியின் வெளிவிட்டம், அதே பகுதியின் உள்விட்டம், கோனின் விட்டம், விளிம்பின் வளைவு அகலம். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில், ஸ்கேலுக்குப் பதில் காலிப்பரால் எடுங்கள். பழைய ஃபோம் கோனின் மேல்புறத்தில் ஒட்டப்பட்டிருந்ததா, அடிப்புறத்திலா என்பதையும் எழுதுங்கள். அதற்கேற்ப விளிம்பின் வகை மாறும். பழைய பசையைச் சுரண்டும்போது காகிதக் கோன் கிழியாமலிருக்க, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுச் சிறிது சிறிதாக இளக்கிக்கொண்டே எடுக்கச் சொல்லுங்கள்.